நன்னம்பிக்கை முனையை நடந்து பாருங்கள்: முதல்முறை செல்பவர்களுக்கான வழிகாட்டி

பள்ளிக்கூடச் சமூக அறிவியல் பாடத்தில் நன்னம்பிக்கை முனை வராமல் இருக்காது. வாஸ்கோ ட காமா அதைச் சுற்றிக்கொண்டுதான் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். அந்த முனை தென்னாப்பிரிக்காவில், கேப் டவுன் நகருக்குத் தெற்கே, டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கேப் டவுனுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயும் போகிறார்கள். ஆனால் அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். வண்டியில் வந்து இறங்கிப் பெயர்ப்பலகையோடு ஒரு படம், மறுபடி வண்டியேறி, கேப் பாயின்ட் கலங்கரை விளக்கத்தடியில் இன்னொரு படம், சாப்பாடு, ஊருக்குத் திரும்புதல். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே, செங்குத்துப் பாறைகளின் விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், நிதானமாகப் போனால் ஒரு மணி நேரம். அங்கே பார்க்க வேண்டிய எல்லாமே அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அதை எப்படி நடப்பது, எதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நிலப்பரப்பு தெற்கே குறுகிக்கொண்டே போய், கடைசியில் மூன்று கூர்முனைகளாகப் பிரிகிறது. கிழக்கே இருப்பது கேப் பாயின்ட். மூன்றில் உயரமானது அதுதான். பழைய கலங்கரை விளக்கம் அதன் உச்சியில் நிற்கிறது. மேற்கே தாழ்வாகக் கடலுக்குள் நீண்டிருப்பது நன்னம்பிக்கை முனை. இரண்டுக்கும் நடுவே மக்ளியர் முனை என்ற சிறிய முனை ஒன்று உண்டு. கேப் பாயின்டுக்கும் மக்ளியர் முனைக்கும் இடையிலுள்ள வளைவில் வெண்மணலோடு கிடப்பது டயஸ் கடற்கரை. நாம் நடக்கப்போவது கேப் பாயின்ட் கார் நிறுத்தத்திலிருந்து மேற்கு நோக்கி நன்னம்பிக்கை முனை வரைக்கும், பிறகு அதே வழியில் திரும்பி.

இரண்டு தவறான எண்ணங்களை இங்கேயே களைந்துவிடலாம். ஆப்பிரிக்காவின் தென்கோடி இதுவல்ல. அது இங்கிருந்து தென்கிழக்கே சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள அகுல்யாஸ் முனை. இங்குள்ள பெயர்ப்பலகையிலும் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கோடி என்றுதான் எழுதியிருக்கிறது. அடுத்தது, அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் கூடும் கோடு இங்கே கண்ணுக்குத் தெரியும் என்று வழிகாட்டிகள் சிலர் கை நீட்டிக் காட்டுவது. பெருங்கடல்களின் எல்லையாக உலகம் ஏற்றுக்கொண்டிருப்பது அகுல்யாஸ் வழியாகச் செல்லும் தீர்க்கக்கோட்டை. மேற்குக் கரையோரம் வரும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டமும், கிழக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான அகுல்யாஸ் நீரோட்டமும் சந்திக்கும் இடம் பருவத்துக்குப் பருவம் நகர்ந்துகொண்டே இருக்கும். கடலில் நீங்கள் பார்க்கும் நுரைக்கோடு அலைகளால் உண்டானது. இது தெரிந்தாலும் காட்சியின் அழகு கொஞ்சமும் குறையாது.

எந்த மாதம், எந்த நேரம்

தென்கோளத்தில் பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரி கோடை. ஜூன், ஜூலை குளிர்காலம். கேப் டவுனில் மழை பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை பெய்யும். கோடையில் மழை குறைவு. ஆனால் தென்கிழக்குக் காற்று அடிக்கும். இந்தக் காற்றை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முனையில் அது வேகம் பிடித்தால் தொப்பி, மூக்குக்கண்ணாடி, கையிலிருக்கும் போன் எதற்கும் உத்தரவாதம் இல்லை. விளிம்பருகே நிற்கும் சிறுவர்களைத் தள்ளாட வைக்கும் அளவுக்கு வலு உண்டு. பொதுவாகக் காலையில் அடங்கியிருந்து பிற்பகலில் வலுக்கும்.

என் பரிந்துரை மார்ச், ஏப்ரல் மாதங்கள். அல்லது செப்டம்பர், அக்டோபர். முதலாவதில் காற்று தணிந்து, வெயிலும் இதமாக இருக்கும். இரண்டாவதில் பூக்கள் நிறைந்திருக்கும், முனைக்குக் கிழக்கே இருக்கும் ஃபால்ஸ் வளைகுடாப் பக்கம் திமிங்கலங்களையும் பார்க்கலாம். தெற்கத்திய ரைட் திமிங்கலங்கள் குட்டி ஈனுவதற்காகக் குளிர்காலத்தில் இந்தக் கரைகளுக்கு வந்து, நவம்பர் வாக்கில் மறுபடி தெற்கே போய்விடும். குளிர்காலத்திலும் மழையில்லாத நாள் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். காற்று ஓய்ந்த ஜூலை நாளொன்றின் தெளிவு கோடையில் கிடைப்பது அரிது.

எந்த மாதமானாலும் பூங்காவின் வாயில் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 6 மணிக்கும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 7 மணிக்கும் திறக்கிறார்கள். சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்குவது காலை பத்தை ஒட்டி. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பாதை ஏறக்குறைய உங்களுடையது. புறப்படுவதற்கு முந்தின இரவு, மழையை மட்டுமல்ல, காற்றின் வேகத்தையும் சேர்த்து வானிலை முன்னறிவிப்பில் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் காட்டினால் அந்த நாளை விட்டுவிடுவது நல்லது. கேப் டவுனில் தங்கும் நாட்களில் முனைக்கென்று ஒரே நாளை ஒதுக்கிப் பூட்டிவிடாமல், இரண்டு மூன்று நாட்களில் எது வாய்க்கிறதோ அன்று போவதாகத் திட்டமிடுங்கள். இந்த நெகிழ்வு இல்லாததால்தான் பலரும் மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

போய்ச் சேருவது

கேப் டவுன் நகர மையத்திலிருந்து கேப் பாயின்ட் சுமார் 70 கி.மீ. சாலையில் ஒன்றரை மணி நேரம். பூங்காவுக்குள் போகும் பொதுப் பேருந்து கிடையாது. ரயில் பாதை சைமன்ஸ் டவுன் வரை உண்டு. அதற்கு அப்பால் வாடகை வண்டிதான். ஆகவே மூன்று வழிகள்தான் மிஞ்சுகின்றன: கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவது, ஓட்டுநரோடு வண்டி பேசுவது, சுற்றுலா நிறுவனத்தோடு போவது.

நீங்களே ஓட்டுவதுதான் சிறந்தது. அங்கும் இந்தியாவைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். படம் ஒட்டிய, ஆங்கிலத்தில் அச்சான இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லும். கார் வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி பேசிப் போவதானால் ஓட்டுநர் அங்கேயே காத்திருப்பார் என்பதைத் தொகையோடு சேர்த்துப் பேசி முடியுங்கள். செயலியில் அழைத்த வண்டியில் உள்ளே போய் இறங்கிவிடலாம். திரும்பும்போது அங்கே சிக்னல் கிடைத்து, இன்னொரு வண்டி வருவது நிச்சயமில்லை. சுற்றுலா நிறுவனத்தில் பதிவு செய்பவர்கள், இரண்டு முனைகளுக்கும் இடையே நடக்க நேரம் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சில நிறுவனங்கள் நடப்பவர்களை ஒரு முனையில் இறக்கிவிட்டு மறுமுனையில் ஏற்றிக்கொள்ளும். அது கிடைத்தால் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

வழி இரண்டு. போகும்போது மியூசன்பர்க், சைமன்ஸ் டவுன் வழியாகக் கிழக்குக் கரையோரம் போங்கள். காலை வெயில் ஃபால்ஸ் வளைகுடாவின் மேல் விழும். திரும்பும்போது மேற்குக் கரையில் ஸ்கார்பரோ, நோர்டுஹூக் வழியாக வந்து சாப்மன்ஸ் பீக் சாலையைப் பிடியுங்கள். மலைச்சரிவைக் குடைந்து 1915 முதல் 1922 வரை போட்ட சாலை அது, 9 கி.மீ. நீளத்தில் 114 வளைவுகள். சுங்கக் கட்டணம் உண்டு. பாறை உருளும் அபாயம் இருக்கும் நாட்களில் மூடிவிடுவார்கள் என்பதால் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

டிக்கெட்

பூங்காவின் நுழைவுக்கட்டணம் மூன்று விதம்: தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு ஒன்று, அண்டை நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று, மற்ற வெளிநாட்டவருக்கு ஒன்று. நாம் மூன்றாவது வகை, கட்டணமும் அதிகம். ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி கட்டணம் மாறும் என்பதால், தேசியப் பூங்காக்களின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலில் கார்டில் கட்டலாம். தென்னாப்பிரிக்காவில் இன்னும் சில தேசியப் பூங்காக்களுக்கும் போகிறீர்கள் என்றால் வைல்டு கார்டு எனப்படும் ஆண்டுச் சந்தா லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் இழுவை ரயிலுக்குத் தனி டிக்கெட்.

பையில் என்ன இருக்க வேண்டும்

குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஆளுக்கு. பாதையில் நிழல் என்று சொல்லத்தக்க மரம் ஒன்றுகூட இல்லை; கோடை வெயில் சுள்ளென்று சுடும். காற்று குளிர்ந்து வீசுவதால் தோல் கருகுவது தெரியாது; ஆகவே சன்ஸ்கிரீன் அவசியம். தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு வேண்டும். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி ஒன்று கோடையிலும் பையில் இருக்கட்டும். காலுக்குப் பிடிப்புள்ள காலணி, செருப்பு உதவாது. மணற்பாறையும் சரளையும் மாறி மாறி வரும் வழி இது. புடவை, வேட்டி இந்தக் காற்றுக்கு ஏற்றவையல்ல. பெண்களுக்குச் சுடிதாரும் சரி, துப்பட்டாவை மட்டும் வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் நமக்கு உண்டு. சைவ உணவுக்காரர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடும் இல்லை. ஆனால் அதை நடைபாதையிலோ கார் நிறுத்தத்திலோ பிரிக்காதீர்கள். காரணம் பபூன்.

பபூன்கள்

சக்மா பபூன் என்ற இந்தக் குரங்கு நம் ஊர்க் கோயில் குரங்கைவிடப் பல மடங்கு பெரியது. வளர்ந்த ஆணுக்கு ஒரு பெரிய நாயின் எடை இருக்கும்; கோரைப்பற்களோ நீளமானவை. காட்டில் தன்பாட்டுக்கு இருக்கும் பபூனால் யாருக்கும் தொல்லை இல்லை. கடல் வற்றும் நேரத்தில் இங்குள்ள பபூன்கள் பாறைகளுக்கு இறங்கி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பெயர்த்துத் தின்னும். பார்க்கக் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தொல்லையெல்லாம், மனிதரிடம் சாப்பாடு இருக்கிறது என்று கற்றுக்கொண்ட பபூன்களால்தான். அதைக் கற்றுக்கொடுத்தது மனிதர்கள்.

கேப் பாயின்ட் கார் நிறுத்தத்தில் ஒரு முறை என் கண்ணெதிரே நடந்தது: ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கிப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தது. கூரை மேலிருந்து ஓர் ஆண் பபூன் இறங்கியது. ஓடவில்லை, நடந்தே வந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்து, முன்னிருக்கையில் கிடந்த பையை மடியில் வைத்து, ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்துத் திறந்தது. ரொட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் உறையையும் கைக்குட்டையையும் வெளியே எறிந்துவிட்டு இறங்கிப் போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர்கள் சத்தம் போடாமல் விலகி நின்றதால் யாருக்கும் காயமில்லை.

ஆகவே விதிகள் இவை. கார்க் கதவுகளைப் பூட்டுங்கள். சாத்தி வைத்தால் மட்டும் போதாது, பூட்டாத கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்க பபூனுக்குத் தெரியும். கண்ணாடிகளை முழுவதும் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பை என்றாலே அதற்குச் சாப்பாடுதான். பபூனுக்கும் அதன் குட்டிக்கும் நடுவே போகாதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். எக்காரணம் கொண்டும் உணவு கொடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, மனிதர்களிடம் பறித்துத் தின்னப் பழகி வன்முறையாகிப்போகும் பபூனைக் கடைசியில் கொன்றுவிட வேண்டிய நிலை வருகிறது. நாம் அன்போடு நீட்டும் வாழைப்பழம் அதன் உயிரைக் குடித்துவிடும். அனுமனை நினைத்துக் கை நீட்டும் நம்மவர்களிடம் இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை எங்கே சாப்பிடுவது? பாதுகாப்பான வழி, கண்ணாடிகளை ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது. இல்லையென்றால் திரும்பும் வழியில் சைமன்ஸ் டவுனில். கேப் பாயின்டிலேயே ஓர் உணவகமும் சிற்றுண்டிக் கடையும் இருக்கின்றன. கடல் உணவுதான் பிரதானம்.

நடை

வாயிலிலிருந்து கேப் பாயின்ட் கார் நிறுத்தம் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உள்ளே. இந்தச் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். இருபுறமும் இடுப்பளவுப் புதராகத் தெரிவதுதான் ஃபைன்போஸ் எனப்படும் தாவரக் கூட்டம். பார்த்ததும் வறண்ட பொட்டல்காடு என்று தோன்றும். ஆனால் பூங்காவின் இந்தப் பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. இவற்றில் பல, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. இந்தச் செல்வத்துக்காகவே கேப் தாவரப் பகுதி 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. போண்டபாக் மான், ஈலாண்ட் என்ற பெரிய மான், கேப் மலை வரிக்குதிரை, நெருப்புக்கோழி எல்லாம் இந்தப் புதர்வெளியில் உண்டு. நெருப்புக்கோழி கடற்கரையில் அலையோரம் நடந்துபோவதையும் இங்கே பார்க்கலாம்.

சாலை முடிவுக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் ஒரு கிளை பிரிந்து, நன்னம்பிக்கை முனையின் அடிவாரத்துக்குப் போகும். அதில் திரும்பாதீர்கள். நேரே போய் கேப் பாயின்ட் கார் நிறுத்தத்தில் வண்டியை விடுங்கள். அங்கே கழிப்பறையை உபயோகித்துக்கொள்ளுங்கள். பாதையில் எதுவும் கிடையாது.

பாதை கார் நிறுத்தத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அறிவிப்புப் பலகை இருக்கிறது. முதல் பகுதி மரப்பலகைகள் பதித்த நடைபாதை. செடிகளின் வேரை மிதிக்காமல் இருப்பதற்காகப் போட்டது. அதைவிட்டு இறங்கிக் குறுக்கே போகாதீர்கள். சில நிமிடங்களிலேயே இடப்பக்கம் நிலம் சட்டென்று முடிந்து, கீழே டயஸ் கடற்கரை தெரியும். இங்கே நின்று திரும்பிப் பாருங்கள். கேப் பாயின்ட் பாறைச்சுவர் கடலிலிருந்து 200 மீட்டருக்கும் மேலாக நேரே எழுந்து நிற்கும். கலங்கரை விளக்கத்தடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தச் சுவர் தெரியவே தெரியாது. அவர்கள் அதன் தலைமேல் அல்லவா நிற்கிறார்கள். நடப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி இது. பாறையின் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கோடுகள் நீர்க்காகங்களின் எச்சம். உற்றுப் பார்த்தால் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும்.

அதையடுத்து டயஸ் கடற்கரைக்கு இறங்கும் மரப்படிக்கட்டு வரும். சுமார் 250 படிகள். இறங்குவதா வேண்டாமா என்பதைத் திரும்பி வரும்போது முடிவு செய்யுங்கள். போகும்போதே இறங்கிவிட்டால், ஏறி வந்தபின் முனைவரை நடக்கத் தெம்பிருக்காது. இறங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தக் கடலில் குளிக்கக் கூடாது. அலை பொங்கி வந்து, உள்ளிழுக்கும் நீரோட்டம் காலை வாரிவிடும்; தண்ணீரும் உறையும் குளிர்ச்சி. கால் நனைப்பதானால் அலையைப் பார்த்தபடியே நில்லுங்கள், முதுகைக் காட்டாதீர்கள். கடலில் குளிக்க ஆசைப்படுபவர்களுக்குப் பூங்காவின் கிழக்குக் கரையில் பஃபல்ஸ் விரிகுடாவிலும் போர்ட்ஜிஸ்ரிஃபிலும் பாறைகளால் அடைத்துக் கட்டிய குளங்கள் இருக்கின்றன. சிறுவர்களோடு போக அவை உகந்தவை.

படிக்கட்டைக் கடந்தபின் மரப்பாதை மறைந்து மண்ணும் கல்லுமாக மாறும். நிலம் ஏறி இறங்கும்; கடுமையான ஏற்றம் இல்லை. வழியில் பாறைகளின் மேல் பழுப்பு நிறத்தில் பூனையளவுப் பிராணி வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அது டாசி, யானைக்கு நெருங்கிய உறவு என்று உயிரியலாளர்கள் சொல்லும் பிராணி. பாதையின் நடுவே பஃப் ஆடர் என்ற விரியன் வெயிலுக்குப் படுத்திருப்பதும் உண்டு. நம் ஊர் விரியனைப் போலவே விஷமுள்ளது. அசையாமல் கிடக்கும், காலடிச் சத்தத்துக்கு ஓடாது. ஆகவே போனைப் பார்த்தபடி நடக்காதீர்கள், கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், புதருக்குள் கையை விடாதீர்கள்.

நன்னம்பிக்கை முனையின் பாறை உச்சியை அடைந்ததும் மூன்று பக்கமும் கடல். காற்று இங்கேதான் அதிகம். விளிம்பில் வேலி எல்லா இடத்திலும் இல்லை. படம் எடுக்கிறவர் பின்னோக்கி நடக்கவே கூடாது. நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எடுத்தால் இன்னும் நல்லது. கீழே கருமையாக மிதந்தாடுவது கெல்ப் என்ற பெரிய கடற்பாசி. தண்டு பல மீட்டர் நீளம் வளரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் உட்காருங்கள். போர்ச்சுக்கீசிய மாலுமி பார்த்தலோமியோ டயஸ் 1488-இல் இந்த முனையைக் கடந்து கிழக்கே போனபோது இதைப் பார்க்கவே இல்லை. புயல் அவரைக் கரை தெரியாத தூரத்துக்குத் தள்ளியிருந்தது. திரும்பும் வழியில்தான் கண்டார். புயல்முனை என்று அவர் பெயர் வைத்ததாகவும், இந்தியாவுக்கு வழி திறந்துவிட்ட மகிழ்ச்சியில் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜான் அதை நன்னம்பிக்கை முனை என்று மாற்றியதாகவும் சொல்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1500-இல், கப்ரால் என்ற போர்ச்சுக்கீசியத் தளபதியின் கப்பற்படையோடு இந்தியாவுக்குப் புறப்பட்ட டயஸ் இந்த முனைக்கு அருகே கடலில் புயலில் சிக்கி மாண்டார். இந்தியாவை அவர் பார்க்கவே இல்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கும் வரை, ஐரோப்பாவிலிருந்து நம் கரைகளுக்கு வந்த கப்பல்களெல்லாம் இந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டுதான் வந்தன. தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர்களும், புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களும் இந்த வழிதான்.

உச்சியிலிருந்து கல்படிகள் போன்ற பாதை கீழே பெயர்ப்பலகைக்கு இறங்குகிறது. நடையில் செங்குத்தான பகுதி இது ஒன்றுதான். முழங்கால் வலி உள்ளவர்கள் உச்சியிலிருந்தே திரும்பிவிடலாம். பலகையைக் காரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பலகையருகே பகலில் படம் எடுக்க வரிசை நிற்கும். யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை, வந்தவர்கள் தாங்களே வரிசை கட்டுகிறார்கள். ஆளுக்கு ஓரிரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது மரியாதை.

திரும்பும்போது தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். போகும்போது முதுகில் தள்ளிக் கொண்டுபோன காற்று, வரும்போது எதிர்க்கும். தண்ணீரில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கு மிச்சம் இருக்க வேண்டும்.

கலங்கரை விளக்கங்கள் இரண்டு

கார் நிறுத்தத்துக்கு வந்ததும் சற்று ஓய்வெடுத்துவிட்டுப் பழைய கலங்கரை விளக்கத்துக்கு ஏறுங்கள். நடந்தால் இருபது நிமிட ஏற்றம். முடியாதவர்களுக்கு இழுவை ரயில் இருக்கிறது. பழனி மலை விஞ்ச் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மூன்று நிமிடத்தில் மேலே விட்டுவிடும். அதற்குப் பிறகும் விளக்கத்தடிக்குக் கொஞ்சம் படிகள் ஏற வேண்டும் என்பதை வயதானவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காற்று மிக வலுத்தால் ரயிலை நிறுத்திவிடுவதும் உண்டு.

இந்தப் பழைய விளக்கம் 1860-இல் ஏற்றப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேலே 238 மீட்டர் உயரத்தில் வைத்தால் வெகுதூரம் தெரியும் என்று நினைத்தார்கள். தெரிந்தது, அதுவே ஆபத்தானது. மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் வெகு முன்னதாகவே ஒளியைப் பார்த்துவிட்டு, முனையைக் கடந்துவிட்டோம் என்று எண்ணிக் கரையை நெருங்கின. மேகமும் மூடுபனியும் உச்சியைப் போர்த்திக்கொள்ளும் நாட்களிலோ ஒளியே தெரியாமல் போனது. 1911 ஏப்ரலில் லூசிடானியா என்ற போர்ச்சுக்கீசியப் பயணக் கப்பல், விளக்கத்துக்குக் கீழே கடலில் இருக்கும் பெல்லோஸ் பாறையில் மோதி மூழ்கியது. (இதே பெயர்கொண்ட பிரிட்டிஷ் கப்பல் வேறு, அது 1915-இல் நீர்மூழ்கித் தாக்குதலில் போனது.) அதன்பிறகே இடத்தை மாற்றினார்கள். முனையின் நுனியில், 87 மீட்டர் உயரத்தில் மட்டும், புதிய விளக்கத்தைக் கட்டி 1919-இல் ஒளி ஏற்றினார்கள். தென்னாப்பிரிக்கக் கரையிலேயே மிக வலுவான ஒளி இதற்குத்தான்.

பழைய விளக்கத்தடியிலிருந்து புதிய விளக்கம் தெரியாது. அதைப் பார்க்க, மேல் ரயில் நிலையத்தருகே தொடங்கும் ஒற்றையடிப் பாதையில் முகட்டின் மேல் நடந்து, அதன் தலைக்கு மேலிருக்கும் பார்வையிடம் வரை போக வேண்டும். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதை குறுகல்; இருபக்கமும் கடல். காற்றடிக்கும் நாளில் போகாதீர்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எந்த நாளும் வேண்டாம். மற்றவர்களுக்கு, நன்னம்பிக்கை முனை நடையும் இதுவும் இரண்டும் முடித்தால் அரைநாள் நிறைவாக இருக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

கார் திரும்பும் வழியில் சாலையோரம் இரண்டு பெரிய சிலுவைத் தூண்கள் நிற்பதைக் காணலாம்: ஒன்று டயஸ் பெயரில், இன்னொன்று வாஸ்கோ ட காமா பெயரில். நினைவுச்சின்னங்கள் மட்டுமல்ல அவை. கடலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால், அந்தக் கோடு ஃபால்ஸ் வளைகுடாவுக்குள் மூழ்கியிருக்கும் விட்டில் பாறையைக் காட்டும். மாலுமிகளுக்கான எச்சரிக்கை அது.

மறக்கக் கூடாத சில

புகை பிடிக்காதீர்கள், ஃபைன்போஸ் சட்டென்று தீப்பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்தால்தான் அதன் விதைகளில் பல முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடிக்கடி எரிந்தால், விதை வைக்கும் வயது வருமுன் செடிகள் அழிந்துவிடும். பூவையும் கூழாங்கல்லையும் எடுத்துவராதீர்கள். ட்ரோன் பறக்கவிடத் தடை இருக்கிறது. தனியாக நடப்பதைத் தவிர்த்து மூன்று நான்கு பேராகப் போங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசர உதவிக்குக் கைப்பேசியிலிருந்து 112. நடந்து முடித்தபின் கால், கணுக்கால் பகுதிகளில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வாயில் மூடும் நேரம் கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 5 மணி. அதற்குப் பின் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வெளியேறுவதற்கு விதித்த நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், தாமதித்தால் அபராதம்.

சைமன்ஸ் டவுனில் இருக்கும் போல்டர்ஸ் கடற்கரையை இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். பூங்காவின் பகுதிதான், ஆனால் டிக்கெட் தனி. ஆப்பிரிக்கப் பென்குயின்கள் வீடுகளுக்கு மிக அருகிலேயே கூடு கட்டி வாழும் இடம். இந்த இனம் மிக மோசமாக அருகிவருகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் 2024-இல் சேர்க்கப்பட்டது. தொடாதீர்கள், கை நீட்டாதீர்கள். அலகு கத்தி முனை. பிற்பகல் தாண்டிப் போனால் கூட்டம் குறைந்திருக்கும், கடலுக்கு இரை தேடிப் போன பறவைகளும் கரைக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். வண்டியை எடுக்குமுன் குனிந்து அடியில் பாருங்கள். நிழல் தேடிச் சக்கரத்தடியில் போய் நிற்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.